நூற்றிருபது தொட்டியும் என் நகமும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். துறைத்தலைவி மேடம், மேசைக்கு அந்தப் பக்கம். வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்த சார் ஒருவர், மேடத்துக்கு வலப்பக்கம். அவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆராய்ச்சிப் பிள்ளையின் கைடு சார், இடப்பக்கம். ஆராய்ச்சிப் பிள்ளை, மேசைக்கு இந்தப் பக்கம், மடியில் நோட்டு. காவல்காரர், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு. பிறகு நான். ஆறு பேர். நாற்காலி ஏழு கிடந்தது. நான் நின்றேன். உட்கார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. அவர்கள் பிறகு எழுதிய காகிதத்தில் 'இருந்தவர்கள்' என்று நாலு பேரைத்தான் போட்டிருந்தார்கள். காவல்காரரும் நானும் இல்லை.

நான் பால்வெட்டுக்காரி. அருமனைப் பக்கம். அஞ்சாம் வகுப்பு வரை போனேன். அதற்குமேல் ரப்பர்தான். முப்பது வருஷம் வெட்டினேன். தோட்டத்துக்காரர் பழைய மரங்களை முறித்துவிட்டுக் கன்று வைத்தார். கன்று வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். அதுவரை வீட்டில் இருக்க முடியாது. கல்லூரித் தோட்டத்தில் தண்ணீர் விட ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

என்னை வலைவீட்டில் விட்டார்கள். இரும்புக் கம்பியும் கொசுவலை போன்ற வலையும் போட்டுக் கட்டிய வீடு. கதவு இரண்டு. ஒன்றைச் சாத்திவிட்டுத்தான் மற்றதைத் திறக்கலாம். உள்ளே நூற்றிருபது தொட்டி. எல்லாம் நித்தியகல்யாணி. எங்கள் பக்கம் கல்லறைத் தோட்டத்தில் தானாக முளைத்துக் கிடக்கிற செடி. மாடு கூடத் தின்னாது. இதற்கா இரண்டு கதவும் பூட்டும் என்று முதல் நாள் நினைத்தேன்.

அந்தப் பிள்ளைதான் சொன்னாள். கடியப்பட்டணத்துப் பிள்ளை. அப்பா வள்ளத்தில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். இரண்டு பஸ் மாறி வருவாள். மத்தியானம் வலைவீட்டுக்கு வெளியே குழாயடியில் இருந்து சோறு தின்போம். அவள் கொண்டுவரும் மீன்குழம்பில் பாதி எனக்கு. என்னை அக்கா என்பாள்.

"செடிக்கு ஓட முடியாதுல்லா அக்கா. புழு கடிச்சா உடனே உள்ள ஒரு தகவல் போவும். அதக் கேக்கதுக்குன்னே ஒரு ஜீன் உண்டு. அது கேட்டதும் பின்னால கெடக்க ஜீன் எல்லாத்தையும் எழுப்பி விடும். எல்லாம் சேந்துதான் அந்தக் கசப்ப உண்டாக்கும். அந்தக் கசப்புல இருந்துதான் ரத்தப் புற்றுக்கு ஊசி மருந்து."

அவள் அம்மாவுக்கு அந்த ஊசிதான் போட்டார்களாம். அம்மா பிழைத்து, இப்போதும் மீன்கூடை எடுக்கிறாள். ஆனால் அந்த மருந்து ஒரு சொட்டு எடுக்க மூட்டை மூட்டையாக இலை வேண்டும். செடியையே கூடுதலாக உண்டாக்கச் செய்ய முடியுமா, எந்த ஜீனைத் தொட்டால் முடியும், அதுதான் அவள் படிப்பு. மூன்று வருஷம் ஆகிவிட்டது.

எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ரப்பரில் முதல் வெட்டுக்குப் பால் கொஞ்சம்தான் வரும். மரத்துக்கு வெட்டுப் பழக வேண்டும். பத்துப் பதினைந்து வெட்டு ஆன பிறகுதான் பால் பிடிக்கிற சிரட்டை நிறையும். வெட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அதை அவளிடம் சொன்னேன். கையில் உருட்டிய சோற்றோடு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க இப்பச் சொன்னதத்தான் நான் மூணு வருசமா இங்கிலீசுல எழுதிட்டு இருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தோம்.

தொட்டிகள் மூன்று வரிசை. வரிசைக்கு நாற்பது. முதல் வரிசை வெறும் செடி. ஒன்றும் செய்யக் கூடாது. இரண்டாம் வரிசைக்கு ஒரு மருந்து தெளிப்பாள். பிச்சிப்பூ வாசம் அடிக்கும். அது செடிக்குப் புழு கடித்த தகவல் போலவே கேட்குமாம். கடிக்காமலே கடித்தது என்று சொல்வது. மூன்றாம் வரிசைக்கும் அதே தெளிப்பு. ஆனால் அந்தச் செடிகளில் தகவலைக் கேட்கிற ஜீனின் காதை முன்னாலேயே அடைத்து வைத்திருந்தாள். நாங்கள் அதைச் செவிட்டு வரிசை என்றோம். வாசம் பரவக் கூடாது என்று இரண்டாவதையும் மூன்றாவதையும் வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தெளித்து, மறுநாள் திருப்பிக் கொண்டுவருவோம். தூக்கினது நான்.

கடைசியில் இலை பறித்து லேபில் பார்க்கும்போது முதல் வரிசையில் மருந்து குறைவு, இரண்டாவதில் கூடுதல், மூன்றாவதில் குறைவு என்று வர வேண்டும். அப்படி வந்தால் கேட்கிற ஜீன் அதுதான் என்று ஆகும். அவள் படிப்பும் முடியும்.

பொய்த் தகவல் என்றதும் எனக்குத் தோட்டத்துக்காரர் நினைவு வந்தது. விலை ஏறியிருந்த காலத்தில் வெட்டுப் பட்டைக்குக் கீழே ஒரு மருந்து தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். இரண்டு மாதம் சிரட்டை வழிந்தது. பிறகு பல மரத்தில் பட்டை மரத்துப் போயிற்று. எத்தனை வெட்டினாலும் பால் இல்லை. வெட்டுச் சரியில்லை என்று என்னைத்தான் சொன்னார். தேய்க்கச் சொன்ன வாய் அவருடையது. அதை அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன்.

என் வேலைக்குப் பிள்ளை சொன்ன சட்டம் மூன்று. கதவு இரண்டையும் ஒன்றாகத் திறக்கக் கூடாது. லேபிள் நனையக் கூடாது. இலையைத் தொடக் கூடாது. மூன்றையும் தவறாமல் செய்தேன். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன். செடிக்கு வேண்டிய அளவு என்றாள்.

அது எனக்குப் புரிந்தது. செடிக்கு வேண்டிய அளவு எவ்வளவு என்று செடியிடம்தான் கேட்க வேண்டும். என் வலது கட்டைவிரலில் நகம் நீளம். வெட்டு வாயில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிக்க வேண்டும் என்பதால் முப்பது வருஷமாக அதை ஒட்ட வெட்டியதில்லை. ஒரு மரத்துக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அந்த நகத்தால் பட்டையில் ஒரு கீறு. பால் பொடித்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. நித்தியகல்யாணிக்கும் பால் உண்டு. கொஞ்சம்தான், ஊசிமுனை அளவு. ஆனால் உண்டு.

அப்படித்தான் பார்த்தேன். காலையில் போனதும் தண்டில் ஒரு கீறு. பால் பொடித்த தொட்டிக்குக் கால் குவளை. பொடிக்காததற்கு முழுக்குவளை. ஒன்று விட்டு ஒரு நாள், ரப்பர் வெட்டுகிற முறைதான். கைக்கு அதுதான் வரும். காவல்காரர் வலைக்கு வெளியே நின்று கேட்பார்.

"ஏட்டி, செடிக்குக் காய்ச்சலா? நாடி பிடிச்சிப் பாக்குத?"

"ஒமக்கும் பாக்கணுமா? கைய வலைக்குள்ள நீட்டும்" என்பேன்.

நூற்றிருபதில் இரண்டுதான் பட்டுப் போனது. அதற்கு முந்திய முறை வேறு ஆள் தண்ணீர் விட்டபோது முப்பதுக்குமேல் அழுகிப் போனதாம். கைடு சாரே நன்றாகப் பார்க்கிறாள் என்று சொன்னார். என்னிடம் இல்லை. காவல்காரரிடம்.

புழு கடிக்கிறதைப் பற்றிப் பிள்ளை எத்தனையோ நாள் சொன்னாள். என் நகத்தை நான் அதோடு சேர்த்து நினைக்கவே இல்லை. அவள் சொன்னது புழு. என் நகம் கடிக்கிறதில்லை. பார்க்கிறது.

லேபிலிருந்து கணக்கு வந்தது. முதல் வரிசை கூடுதல். இரண்டாவது கூடுதல். மூன்றாவது குறைவு.

ஒன்றும் செய்யாத முதல் வரிசை எப்படிக் கூடும்? கைடு சார் ஒரே நாளில் முடிவு கட்டினார். பிள்ளை முதல் வரிசைக்கும் தெளித்துவிட்டாள், தெளிக்கவில்லை என்று நோட்டில் எழுதிவிட்டாள், இப்போது மறைக்கிறாள். பொய்யாகப் பதிந்தாள் என்று எழுதினால் படிப்பு அத்தோடு போகும். இன்னொரு இடத்திலும் எடுக்க மாட்டார்கள். அதை விசாரிக்கத்தான் அந்த அறையில் கூடினார்கள். வலைவீட்டில் வேலை செய்தவள் என்பதால் என்னையும் நிறுத்தினார்கள்.

பிள்ளை தெளிக்கவில்லை என்றாள். நோட்டைக் காட்டினாள். நோட்டில் எழுதுவது எளிது என்றார் கைடு சார். அவள் நோட்டை மூடி மறுபடி மடியில் வைத்தாள்.

வெளியூர் சார் நிதானமானவர். பூச்சி ஏதாவது நுழைந்ததா என்று கேட்டார். வலைக்குள் பூச்சிக்கு வழியே இல்லை, நானே தினமும் உள்ளே போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றார் கைடு சார். வேறு காயம்? ஒருவரும் தொடவில்லை, அதற்கும் கையெழுத்து இருக்கிறது என்றார்.

தினமும் என்றார். அவர் சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். வெளிக்கதவில் நின்று கையெழுத்து நோட்டில் ஒரு வாரத்துக்கும் சேர்த்துப் போடுவார். பேனா நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

காயம் என்ற சொல் எனக்குள் நின்றது. நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

"நான் தொட்டேன்" என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. வேலைக்காரி சொன்னதால் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மேடம் நிமிர்ந்தார். எதைத் தொட்டாய் என்றார்.

"தண்டுல. நகத்தால ஒரு கீறு. பால் பொடிச்சா தண்ணி போதும். பொடிக்கல்லன்னா விடணும். அப்பிடிப் பாத்துத்தான் நான் தண்ணி விட்டது."

எத்தனை செடியில் என்றார். எல்லாவற்றிலும் என்றேன். எத்தனை நாள் என்றார். ஒன்று விட்டு ஒரு நாள், இலை பறிக்கிறவரை என்றேன்.

பிள்ளை எழுந்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வேறு ஏதோ.

"அக்கா, மூணாவது வரிசையிலயும் கீறினியளா?"

"அதுலயும்தான்."

அவள் அவர்கள் பக்கம் திரும்பினாள். "மேடம், மூணும் கீறல் பட்டது. முதல் ரெண்டும் ஏறியிருக்கு. காது அடைச்சது மட்டும் ஏறல்ல."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. நான் கீறின தகவல் வெறும் செடிக்குக் கேட்டிருக்கிறது. செவிட்டுச் செடிக்குக் கேட்கவில்லை. அவள் மூன்று வருஷமாகச் சொன்னதை என் நகம் இன்னொரு வழியில் சொல்லியிருக்கிறது. வெளியூர் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

கைடு சார் சிரித்தார். ஒரு நகக் கீறலுக்கு இவ்வளவு ஏறுமா, பிள்ளையைக் காப்பாற்ற இவள் கதை கட்டுகிறாள் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு உடம்பு எரிந்தது. அவர் வகுப்பு நடத்துகிற அறையின் வராந்தாவையும் நான்தான் தூத்துப் பெருக்கினேன். ஒரு சின்னக் காயம் போதும், செடி முழுக்கத் தகவல் போய்விடும் என்று அவர் பலகையில் படம் போட்டுச் சொன்னதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். புழு கடித்தால் காயம். கூலிக்காரி கீறினால் கதை. எந்தப் புத்தகத்தில் அப்படி இருக்கிறது? அவர் உள்ளே வந்து ஒரு நாள் ஒரு தண்டைக் குனிந்து பார்த்திருந்தால் போதும். வரிசையாக நின்ற வடு கண்ணில் பட்டிருக்கும். பார்க்காமல் பார்த்தேன் என்று எழுதிவிட்டார். அதைக் காப்பாற்றத்தான் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கினார்.

மேடம் காவல்காரரைக் கேட்டார். அவர் முதலில் கால்மாற்றி நின்றார். வேலை போய்விடுமோ என்ற பயம். பிறகு சொல்லிவிட்டார்.

"உண்டு மேடம். நாடி பிடிக்கது கணக்கா ஒவ்வொண்ணா பிடிச்சிப் பாப்பா. நான்கூட கேலி பண்ணியிருக்கேன்."

மேடம் யோசித்தார். எத்தனை கீறல், எந்தத் தொட்டியில் எத்தனை என்று தெரியாமல் ஒன்றும் எழுத முடியாது, எண்ணிக்கை இல்லாதது சும்மா பேச்சு என்றார்.

"எண்ணித் தாறேன்" என்றேன்.

இரண்டு நாள் கொடுத்தார்கள்.

இலையைத்தான் பறித்திருந்தார்கள். தண்டு தொட்டியில் நின்றது. பட்டுப்போன இரண்டும்கூட மூலையில் காய்ந்து கிடந்தன. பிள்ளை ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்தாள். தரையில் சாக்கு விரித்து இருந்தோம். நான் தொட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவேன். அவள் பார்த்துச் சொல்வாள். நானும் எண்ணுவேன். இரண்டு பேர் எண்ணும் ஒன்றானால்தான் எழுதுவது. ஆகாவிட்டால் மறுபடியும்.

முதல் ஒரு மணி நேரம் அவள் எண் மட்டும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அக்கா?"

"நீ எலையத் தொடாண்டாம்னுதான் சொன்ன. நான் எலையத் தொடல்ல மக்கா."

அவள் பதினெட்டாம் தொட்டியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆமா. தண்டுன்னு நான் சொல்லல்ல. எப்பிடித் தண்ணி விடுதியன்னு ஒரு நாளும் கேக்கவும் இல்ல."

அதற்குமேல் அந்தப் பேச்சு இல்லை. அவள் கேட்டதும் நியாயம். நான் சொன்னதும் நியாயம்.

கீறல்கள் நான் நினைத்ததைவிட ஒழுங்காக இருந்தன. எல்லாம் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவு. ரப்பரில் கத்தி போகிற அதே சரிவு. ஒன்றுக்குக் கீழ் ஒன்று, நடுவில் ஒரு நெல்மணி இடம். பிள்ளை பார்த்துவிட்டுச் சிரித்தாள். இதைப் புழு செய்தது என்று எந்தச் சாராலும் சொல்ல முடியாது என்றாள். சிரித்ததும் கண்ணைத் துடைத்தாள். வடு இருந்த ஒவ்வொரு தண்டையும் போட்டோ எடுத்தாள். பக்கத்தில் என் கட்டைவிரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

மூன்றாம் நாள் அதே அறை. அன்றைக்கு வெளியூர் சார் இல்லை. காகிதம் முன்னாலேயே அடித்து வைத்திருந்தார்கள். இங்கிலீஷ். கையெழுத்துப் போடு என்று கைடு சார் என் பக்கம் தள்ளினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். உனக்கு அது எதற்கு என்றார். பிள்ளை எடுத்துத் தமிழில் வாசித்தாள். மாணவி பொய்யாகப் பதியவில்லை என்று இருந்தது. அது சரி. நகக்காயம் பட்ட ஒரு வரிசையையும் படாத ஒரு வரிசையையும் சேர்த்து மறுபடி செய்து பார்க்க அவகாசம் என்று இருந்தது. அதுவும் சரி. அடுத்த வரியில் அவள் குரல் இறங்கியது. தோட்டத் தொழிலாளியின் கவனக்குறைவால் செடிகளுக்குக் காயம் ஏற்பட்டது.

நான் பேனாவை எடுக்கவில்லை.

"கவனக்குறைவு இல்ல" என்றேன்.

அது வழக்கமாக எழுதுகிற வார்த்தைதான், அதில் என்ன இருக்கிறது என்றார் கைடு சார். பிள்ளை தப்பிக்க வேண்டுமா வேண்டாமா என்றும் கேட்டார். என் பலவீனம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளை என்னைப் பார்த்தாள். போடுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போட்டிருப்பேன்.

"நூத்திருவது செடியையும் ஒண்ணொண்ணா குனிஞ்சி நோக்கினேன் சார். எதுக்குத் தாகம், எதுக்கு இல்லன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பேரு கவனக்குறைவுன்னா, ஏழு நாளைக்கும் சேத்து ஒரு நாள் ஒப்பு போடுததுக்குப் பேரு என்ன?"

மேடம் மேசையில் கிடந்த அந்தக் கையெழுத்து நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். தாளைப் புரட்டினார். ஏழு கையெழுத்து ஒரே மை, ஒரே சரிவு. அடுத்த ஏழு வேறு மை. கைடு சார் ஜன்னல் பக்கம் பார்த்தார். நோட்டைப் பற்றி மேடம் அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகும் கேட்டதாகத் தெரியவில்லை. காகிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, கையாலேயே மேலே தமிழில் வேறு எழுதினார். பிள்ளை வாசித்தாள். தொழிலாளி, தண்ணீர்த் தேவையை அறிவதற்காக, நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்து வந்தார்.

'வந்தார்' என்றிருந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

மறுபடி செய்யும்போது கீறுகிற வேலையை எனக்குத் தரச் சொல்லிப் பிள்ளை கேட்டாள். தர முடியாது என்றார்கள். அளவான பிளேடால் லேப் ஆள் கீறுவாராம். என் நகத்துக்கு அளவு இல்லையாம். வடுவெல்லாம் ஒரே நீளம் என்று அவர்கள் கையில்தான் போட்டோ இருக்கிறது. வலைவீட்டுக்குள் நான் இனி வரக் கூடாது. வெளியே சருகு வாரலாம், உரக்குழி பார்க்கலாம். சரி என்றேன். இப்போது உரக்குழியில்தான் இருக்கிறேன். பிள்ளை மத்தியானம் அங்கே வந்து சோறு தின்கிறாள்.

அன்றைக்கு அந்தக் காகிதத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். மூன்று வரிசைக்கும் சேர்த்து மொத்தக் கீறல். பிள்ளை எழுதப் போனாள். நான் பேனாவை வாங்கினேன். எண் எனக்குத் தெரியும். எழுதினேன்.

ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு.